அக்கரைத் துறைமுகமும் என் அறுபது பேட்டரிப் பெட்டிகளும்

எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் துபாய் போனவர்கள் எழுதியாகிவிட்டது. சிங்கப்பூர் போனவர்கள் இரண்டு தடவை எழுதியாகிவிட்டது. இந்த வருடம் செயலாளர் என் கடைக்கு வந்து நின்றார். நான் துறைமுகத்துக்குப் போய் நாலு நாள் கழித்துத் திரும்பியது எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருக்கிறது.

"கப்பல் பயணத்தைப் பத்தி எழுதிக் குடுங்கம்மா" என்றார்.

கப்பலில் ஏறவே இல்லை என்றேன்.

"துறைமுகம் வரைக்கும் போனா பாதி வெளிநாடுதான்" என்று சொல்லி நோட்டையும் பேனாவையும் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவருக்குப் பக்கம் நிரம்ப வேண்டும்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தால் அவரே போட்டுக்கொள்ளட்டும். சங்கதியில் கை வைக்க வேண்டாம்.

தாராவியில் என் கடையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பழைய பேட்டரிக் கடை. முன்பு டாக்சி பேட்டரி, வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் வரும். இப்போது வருவது மின்சார பஸ்ஸின் பேட்டரி. எங்களிடம் வருகிற வகையில் ஒரு பஸ்ஸைப் பிரித்தால் பன்னிரண்டு பெட்டி கிடைக்கும். பஸ்ஸை இழுக்க அவற்றுக்கு இனித் தெம்பு கிடையாது. ஆனால் ஓர் இடத்தில் உட்காரவைத்து நிதானமாக வேலை வாங்கினால் இன்னும் பல வருடம் உழைக்கும். எனக்கும் அறுபத்தெட்டு வயது. முழங்கால் போய்விட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்து கடையை நடத்துகிறேன். ஆகவே இந்த விஷயத்தை எனக்கு எந்த இஞ்சினியரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பம்பாய்க் கழிமுகத்துக்கு அக்கரையில் இருக்கும் ஒரு துறைமுகத்தில் இப்படிப்பட்ட பெட்டிகளை ஒரு கண்டெய்னருக்குள் அடுக்கிவைத்திருக்கிறார்கள். காலை வெயிலில் சோலார் தகடு கொடுக்கும் கரண்டை வாங்கி வைத்துக்கொள்ளும். பிற்பகலில், திராட்சையும் மீனும் ஏற்றிய குளிர்பெட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பசிக்கிறது என்று கத்தும்போது எடுத்துக் கொடுக்கும். அதற்காக ஐந்து பஸ்களின் பேட்டரி, அறுபது பெட்டி, என் கடையிலிருந்து போனது.

பெட்டிகளைச் சோதிப்பது மும்தாஜ். டிராம்பேயிலிருந்து வருகிறாள், பதினோரு வருடமாக என்னிடம் இருக்கிறாள். மீட்டர் வைத்துப் பார்ப்பாள், ஒரு வாரம் சும்மா போட்டுவைப்பாள், மறுபடி பார்ப்பாள், பிறகுதான் இது தேறும் தேறாது என்று சொல்லுவாள். எண் போடுவது நான். வெள்ளைப் பெயிண்ட், என் கை. அச்சில் அடித்ததா என்று கேட்டவர்கள் உண்டு. மும்தாஜ் மட்டும் அதில் ஒரு குறை சொல்லுவாள். அது பிறகு.

சரக்குப் போய் மூன்று வாரத்தில் துறைமுகத்திலிருந்து போன் வந்தது. பஸ்ஸுக்கு ஒன்றாக அவர்கள் அடுக்கிய ஐந்து அடுக்கிலும் ஒரு பெட்டி மற்ற பதினொன்றோடு ஒத்துப்போகவில்லையாம். தினம் பிற்பகல் மூன்று மணிக்கு எல்லாம் தானாக அணைந்துவிடுகிறதாம். சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் அறுபதையும் திருப்பி அனுப்புவோம், இனித் தாராவிச் சரக்கே வேண்டாம் என்றார்கள்.

நான் மும்தாஜைக் கூப்பிட்டேன்.

"ஒன் மீட்டருதானளா பாத்துது?"

"மீட்டரு சரியாத்தான் பாத்துது பெரிம்மா. ஒரு பஸ்ஸுப் பெட்டி இன்னொரு பஸ்ஸோட கலக்கல."

"அப்போ அவங்க பொய் சொல்லுதாங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்? போயிப் பாருங்க."

"பாக்கத்தான் போறேன். நான் வந்து சொல்லுத வரைக்கும் நீ கடைக்கு வர வேண்டாம்."

அவள் மீட்டரைத் துடைத்து, உறையில் போட்டு, மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். நெருளில் என் அண்ணன் மகள் சாந்தி இருக்கிறாள், அங்கே தங்கல். வெறுங்கையோடு போகக்கூடாது என்று மாட்டுங்காவில் இறங்கிக் காப்பித்தூளும் ஒரு கட்டுக் கறிவேப்பிலையும் வாங்கினேன். செம்பூர் தாண்டி பஸ் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர். ஐம்பது வருடம் பம்பாயில் இருந்தும் இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் அக்கரைக்குப் போயிருக்கிறேன், கோபர்கைரனேயில் ஒரு கல்யாணத்துக்கு. அன்று பஸ்ஸில் தூங்கிவிட்டேன். அதனால் இதுதான் முதல் தடவை என்று வைத்துக்கொள்ளலாம்.

சாந்தி வீடு பதினோராவது மாடி. லிஃப்டுக்கு முன்னால் நான் நின்றுவிட்டேன்.

"ஏறுங்க அத்தை, கடிக்காது."

"கடிச்சாக்கூட மருந்து இருக்கு. நடுவுல நின்னா?"

"நின்னா பெல் அடிக்கலாம். வாட்ச்மேன் வருவான்."

"அவன் எதுல ஏறி வருவான்?"

அவள் லிஃப்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினோரு மாடிப் படி என் முழங்காலுக்கு ஆகாது. ஏறினேன்.

ஜன்னலைத் திறந்தால் கழிமுகத்துச் சேற்றில் இளஞ்சிவப்பு நாரைகள் கூட்டமாக நின்றுகொண்டிருந்தன. அழகுதான். ஆனால் அந்த மாடியில் எதிர்வீட்டில் இருப்பது யார் என்று சாந்திக்குத் தெரியவில்லை. எங்கள் சந்தில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது அடுப்பை அணைக்கும் முன்னால் தெரியும். மூன்று வருடமாக எதிர்க்கதவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாளாம். காப்பித்தூளில் பாதியை நானே கொண்டுபோய் எதிர்க்கதவைத் தட்டிக் கொடுத்தேன். கேரளத்துக்காரர்கள். நல்ல மனிதர்கள்.

புதன்கிழமை காலை துறைமுகம். ஷேர் ஆட்டோக்காரன் "கேட், கேட்" என்று இறக்கிவிட்டுப் போய்விட்டான். கேட் என்று அவன் சொன்னது லாரி கேட்டுக்கு நிற்கும் வரிசையை. நான் போக வேண்டிய ஆட்கள் கேட் அந்த வரிசைக்கு முன்னால், வெகுதூரத்தில். நடுவே வெயிலும் ரோடும்தான், ஒரு மரம்கூட இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. அப்போது மேலிருந்து தமிழ் கேட்டது.

"ஏனுங்கம்மா, இங்க எங்கீங்க நிக்கறீங்க?"

நாமக்கல் டிரைவர். நேற்று மதியத்திலிருந்து அந்த வரிசையில் இருக்கிறாராம். என்னைக் கைபிடித்துத் தூக்கி மேலே உட்காரவைத்தார். லாரிக்குள் ஏறியது முதல் தடவை. வரிசை நகர்ந்த வேகத்துக்கு நான் முழங்காலோடு நடந்திருந்தாலே முன்னால் போயிருப்பேன். ஆனால் அந்த உயரம் கிடைத்திருக்காது. அவர் ஸ்டவ்வில் போட்ட டீயும் கிடைத்திருக்காது. என்ன வேலையாக வந்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

"பழைய பேட்டரியில கப்பலுக்குக் கரண்டுங்களா? அப்ப என்னையும் இங்கயே வெச்சுக்கச் சொல்லுங்க. நானும் ஓடிக் களைச்ச பண்டந்தானுங்க."

ஆட்கள் கேட்டுக்கு அருகில் இறக்கிவிட்டார். வரிசையில் அவர் இடம் போகவில்லை. போவதற்கு வரிசை நகர வேண்டுமே.

துபாய் போனவர்கள் விசா பற்றி எழுதுகிறார்கள். இங்கே அதற்குக் குறைவில்லை. ஆதார் கார்டு, போட்டோ, கைரேகை. என் கைரேகை விழவில்லை. நாற்பது வருடம் பேட்டரி பிடித்த கை, தேய்ந்துவிட்டது. பிறகு என் செருப்பைக் காட்டி, இது கூடாது, இரும்பு வைத்த பூட்ஸ்தான் என்றான் காவலாளி. என் அளவில் பூட்ஸ் இல்லை. ஆண்பிள்ளை பூட்ஸில் துணி அடைத்துப் போட்டுக்கொண்டேன். தலையில் மஞ்சள் தொப்பி. சேலை, பூட்ஸ், தொப்பி. சாந்தி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாள். அனுப்பவில்லை.

உள்ளே பேட்டரிகளைப் பார்த்துக்கொள்ளும் இஞ்சினியர் பெயர் கதம். மராட்டியர். ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கி. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அதையே தேடுகிறவர். நாங்கள் பேசியது இந்தியில். அதைத் தமிழில் தருகிறேன். அவருடைய இந்தியும் என் இந்தியும் எப்படி இருந்தன என்ற ஆராய்ச்சி வேண்டாம்.

"மாவ்ஷி, நீங்களே வருவீர்கள் என்று நினைக்கவில்லை" என்றார். மாவ்ஷி என்றால் சித்தி.

"என் சரக்கைக் குறை சொன்னால் நான்தானே வர வேண்டும்?"

"திறந்து காட்ட இன்று முடியாது. அடுக்கைத் திறக்க அனுமதிச் சீட்டு வேண்டும். நாளைக்குத்தான் வரும்."

"என் பெட்டியைப் பார்க்க எனக்கு அனுமதியா?"

"என் பெட்டியைப் பார்க்க எனக்கே அனுமதி வேண்டும், மாவ்ஷி."

சரி என்று கேன்டீனுக்குப் போனோம். போஹா இருந்தது. அவல் உப்புமாவை நாம் செய்வதுபோலத்தான், ஆனால் அதில் சர்க்கரை போடுகிறார்கள். காரமா இனிப்பா என்று வாய் முடிவெடுப்பதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது. நான் கொண்டுபோன இட்லியை மிளகாய்ப்பொடியோடு கதமுக்குக் கொடுத்தேன். இரண்டாவது வாயில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்து மேஜையில் ஒருவன் இன்னொருவனிடம் மராட்டியில், "கதம் சார் பேட்டரிக்காரம்மாவிடம் அழுகிறார், விஷயம் பெரிதுபோல" என்றான். மராட்டி எனக்குப் புரியாது என்று நினைத்திருப்பான்.

அந்தத் துறைமுகத்தில் எனக்குப் பிடிக்காதது ஒன்று. ஆள் இல்லை. பெரிய கிரேன் தானாக வருகிறது, கண்டெய்னரைத் தூக்குகிறது, போகிறது. கடல் இருக்கிறது, மீன் வாடை இல்லை. எங்கள் சந்தில் ஒரு மூட்டையைத் தூக்க நாலு பேர் யோசனை சொல்லுவார்கள். இங்கே யோசனை சொல்ல ஒரு நாதி கிடையாது.

மூன்று மணிக்கு கதம் என்னைத் தன் அறையில் டிவி மாதிரி ஒன்றின் முன்னால் உட்காரவைத்தார். ஒவ்வொரு அடுக்குக்கும் பன்னிரண்டு பச்சைக் கோடு. குளிர்பெட்டிகள் கரண்ட் கேட்க ஆரம்பித்ததும் பதினொரு கோடு மெதுவாகக் கீழே இறங்கியது. முதல் கோடு மட்டும் அசையாமல் மேலே நின்றது. ஐந்து அடுக்கிலும் அப்படியே. கொஞ்ச நேரத்தில் எல்லாம் சிவப்பாகி அணைந்துவிட்டது.

"பன்னிரண்டும் சேர்ந்து இறங்க வேண்டும். ஒன்று மட்டும் விலகிப் போனால் காவல் இயந்திரம் எல்லாவற்றையும் அணைத்துவிடும்" என்றார் கதம். "உங்கள் ஆள் சோதித்ததில்தான் பிசகு."

உறையில் போட்டு வைத்துவிட்டுப் போன மீட்டர் ஞாபகம் வந்தது. பதினோரு வருடத்தில் அவள் தேறும் என்று சொன்ன பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அன்று ராத்திரி சாந்தி வைத்த ரசம் நன்றாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

வியாழக்கிழமை சீட்டு வந்தது. கரண்டை அறுத்து, காத்திருந்து, யாரும் மறுபடி கரண்டைப் போட்டுவிடாதபடி ஸ்விட்சுக்குப் பூட்டு மேல் பூட்டுப் போட்டு, கடைசியில் கதவைத் திறந்தார்கள். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டிலிருந்து பன்னிரண்டு வரை என் பெட்டிகள், என் வெள்ளை எழுத்து. முதல் இடத்தில் பளபளவென்று புத்தம் புதுப் பெட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. ஐந்து அடுக்கிலும் அதே கதை.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல.

"சாஹேப், இது என் சரக்கில்லை" என்றேன். "பதினொரு கிழவிகள் சாமி கும்பிட மலை ஏறுகிறார்கள், கூடவே ஒரு இளவட்டத்தை அனுப்பியிருக்கிறீர்கள். கிழவிகளுக்கு மூச்சு வாங்கும்போது அவனுக்கு வியர்க்கக்கூட இல்லை. யார் மேல் தப்பு? என் பெண் பார்த்த மீட்டர் மேலா?"

இன்னும் நிறையப் பேசினேன். பூட்ஸ் போட்டிருந்ததால் சத்தமும் அதிகமாக வந்தது. கதம் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அப்படியானால் உங்கள் ஐந்து பெட்டி எங்கே?" என்றார்.

"அதை உங்கள் ஸ்டோரில் கேளுங்கள்" என்று நானே முன்னால் நடந்தேன்.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர் சாதுவான மனிதர். மூலையில் கணபதி படம். படத்துக்குக் கீழே, பலகை மேல் வரிசையாக என் ஐந்து பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் நான் வைத்த மஞ்சள் பொட்டு. அதற்கு மேல் அவர் வைத்த சாமந்திப் பூ. பக்கத்திலேயே ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. பேட்டரிக்குப் பக்கத்தில் ஊதுபத்தியைப் பார்த்ததும் கதமுக்கு இரண்டு வருடம் முன்னாலேயே ஓய்வு வந்துவிடும்போல் ஆகிவிட்டது. ஓடிப்போய் அணைத்தார்.

"இது ஏன் இங்கே இருக்கிறது?"

"பூஜை செய்த பெட்டி, சார். பொட்டு இருக்கிறது, எண் இல்லை. எண் இல்லாத பொருளை கம்ப்யூட்டர் உள்ளே விடாது. மாட்டுகிறவர்கள் ஒன்றாம் பெட்டி எங்கே என்று கேட்டார்கள். இல்லை. அதனால் நம் கையிருப்பிலிருந்து கொடுத்தேன்."

பிறகு என்னைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்.

"இரண்டு இருக்கிறது, மூன்று இருக்கிறது, பன்னிரண்டு வரை இருக்கிறது. ஒன்று எங்கே, மாவ்ஷி?"

இனி மும்தாஜ் சொல்லும் குறையைச் சொல்லிவிடுகிறேன்.

திருநெல்வேலிப் பக்கம் நெல் அளந்தாலும் அரிசி அளந்தாலும் முதல் படியை எண்ணாக எண்ண மாட்டோம். லாபம் என்போம். லாபம், ரெண்டு, மூணு. அளக்கும்போதே நல்ல வார்த்தையில் ஆரம்பிக்க வேண்டும். கடை ஆரம்பித்த நாளிலிருந்து என் எண்ணிக்கை அதுதான். முதல் பெட்டிக்கு எண் கிடையாது, மஞ்சள் பொட்டு. இதுவரை என் சரக்கு வாங்கியவர்கள் எல்லாரும் அக்கம்பக்கத்து ஆட்கள், அவர்களுக்குத் தெரியும். சரக்கு லாரியில் ஏறும் அன்று மும்தாஜ் சொன்னாள்: "பெரிம்மா, மொதப் பெட்டிக்கும் நம்பரு போட்டுருங்க. கம்ப்யூட்டருக்கு லாபமும் தெரியாது, நட்டமும் தெரியாது."

நான் சொன்ன பதில்: "கம்ப்யூட்டரு நேத்து வந்தது."

ஸ்டோரில் உட்கார ஒரு ஸ்டூல் இருந்தது. உட்கார்ந்தேன். கதமும் ஸ்டோர்க்காரரும் காத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் முன்னால் நான் போட்ட சத்தம் இன்னும் அந்தத் தகரக் கூரையில்தான் இருந்தது.

"எண் போட்டது நான்" என்றேன். "மீட்டர் பார்த்த பெண் சொன்னாள். நான் கேட்கவில்லை."

கதம் நல்ல மனிதர். "என் ஸ்டோரில் யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் வந்து பார்க்கவில்லை. தப்பை மூன்று பேரும் பங்கு போட்டுக்கொள்ளலாம், மாவ்ஷி" என்றார்.

"வேண்டாம், சாஹேப். தப்பில்கூட எனக்குப் பங்காளி வேண்டாம்."

அவர் மார்க்கர் பேனாவை என்னிடம் நீட்டினார். ஐந்து பெட்டிக்கும் எண் போட வேண்டுமே. நான் வாங்கவில்லை. அந்த எண் என் கைக்கு வராது, நீங்களே போடுங்கள் என்றேன். போட்டார். எழுத்து காற்றில் சாய்ந்த வேலிபோல் இருந்தது. சொல்ல வேண்டும்போல் இருந்தது. அன்றைக்கு மட்டும் சொல்லவில்லை.

புதுப் பெட்டிகளை எடுத்து என் கிழவிகளை அதனதன் கூட்டத்தோடு சேர்த்தார்கள். எல்லாம் ஒரே மட்டத்துக்கு வர ஒரு ராத்திரி வேண்டும் என்றார் கதம்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அதே டிவி முன்னால் உட்கார்ந்தோம். ஸ்டோர்க்காரரும் வந்துவிட்டார். கேன்டீனில் மராட்டி பேசியவனும் வந்து வாசலில் நின்றான். பன்னிரண்டு கோடும் சேர்ந்து இறங்க ஆரம்பித்தன. கோவில் படியில் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு இறங்குவதுபோல. மூன்றரை. நாலு. எதுவும் சிவப்பாகவில்லை. கதமுக்குக் கண்ணாடி கழுத்திலேயே கிடைத்தது. "அடுத்த சரக்கு எப்போது வரும்?" என்றார்.

"மீட்டர் பார்க்கிற பெண்ணைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். "அவள் வருவாளா என்பதே இன்னும் தெரியாது."

சாந்தியிடம் போனில் சொல்லிக்கொண்டு பாலம் தாண்டினேன். இந்த முறையும் தூங்கவில்லை. செம்பூரில் இறங்கியவள் தாராவி பஸ்ஸில் ஏறவில்லை. டிராம்பே பஸ்ஸில் ஏறினேன்.

மும்தாஜ் வாசலில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க பெரிம்மா. வர வேண்டாம்னு நீங்க சொன்னவ வீட்டுக்கும் வருவியளோ?"

"முட்டு வலிக்குளா. உக்கார விடு, பொறவு திட்டு."

நாற்காலி போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். அவளுடைய உம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு டீக்குப் பால் வைத்தாள்.

"மீட்டரு சரியாத்தான் பாத்திருக்கு" என்றேன்.

"அது எனக்குத் தெரியும். வேற?"

"பெயிண்டுல கொஞ்சம் கோளாறு."

"பெயிண்டுலயா, பெயிண்டு அடிச்ச கையிலயா?"

தண்ணீரைக் குடித்து முடித்தேன். இரண்டாவது டம்ளரும் கேட்டுப் பார்த்தேன். அதையும் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே நின்றாள்.

"கையிலதான்" என்றேன். நடந்த எல்லாவற்றையும் சொன்னேன், ஊதுபத்தி உட்பட. அவள் சிரிக்கவில்லை. உம்மாதான் அடுப்படிக்குள் சிரித்தாள்.

"நாளையில இருந்து நம்பரும் நீயே போடு."

"போடலாம். எதுல ஆரம்பிக்கணும்?"

"ஊரு உலகம் ஆரம்பிக்கிறதுல."

"அது என்னதுன்னு எனக்குத் தெரியலியே. நீங்கதான் முதலாளி. நீங்க சொல்லுங்க."

மடித்த துணியை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். உம்மா டீயோடு வந்து அவளும் நின்றாள். அறுபத்தெட்டு வயதில் நான் எத்தனையோ எண்ணியிருக்கிறேன். ஒருநாளும் அதில் ஆரம்பித்ததில்லை.

"ஒண்ணு" என்றேன்.

"ரெண்டு" என்று சொல்லி, மும்தாஜ் டீயை வாங்கி என் கையில் கொடுத்தாள்.